நடுக்காட்டில் நின்றுபோன எலக்ட்ரிக் டர்ட் பைக்: அறிகுறி பார்த்து ஊர் சேர்க்கும் வழி

திருமயம், அரிமளம், கானாடுகாத்தான், பள்ளத்தூர் சுற்றுவட்டாரத்துச் செம்மண் பொட்டல்களிலும் தைல மரக்காட்டு வண்டிப்பாதைகளிலும் எலக்ட்ரிக் டர்ட் பைக் ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெட்ரோல் வண்டி நின்றால் யாராவது ஒரு பாட்டில் பெட்ரோல் கொண்டுவந்து காப்பாற்றிவிடுவார்கள். பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட எந்த ஊரிலும் ஒரு மெக்கானிக் இருப்பார். மின் வண்டிக்கு அந்த இரண்டு உதவியும் கிடைக்காது.

ஆனாலும் பயப்பட வேண்டாம். நின்றுபோகும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஏதோ ஒரு பாதுகாப்பு சுவிட்ச் தன் வேலையைச் செய்திருக்கும், அல்லது ஒரு கனெக்டர் அதிர்ந்து விலகியிருக்கும், அல்லது முள் குத்தியிருக்கும். இவற்றை அங்கேயே சரிசெய்துவிடலாம். மோட்டார், கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி), பேட்டரி ஆகியவற்றில் கோளாறு என்றால் காட்டில் வைத்து ஒன்றும் செய்ய முடியாது; வண்டியை வெளியே எடுக்கும் வழியைத்தான் பார்க்க வேண்டும். எது என்பதை அரை மணி நேரத்துக்குள் முடிவு செய்துவிடுங்கள். கத்திரி வெயிலில் அதற்கு மேல் பொட்டலில் நின்றால் ஆளுக்குத்தான் ஆபத்து.

கீழே உள்ளவை 60, 72 வோல்ட் பேட்டரியும் செயினும் உள்ள வண்டிகளுக்குப் பொருந்தும். 300 வோல்ட்டைத் தாண்டும் பந்தய வகை வண்டி என்றால், டயரையும் செயினையும் தவிர எதையும் கழற்ற வேண்டாம்.

எதையும் தொடும் முன்

வண்டியை நிழலுக்குத் தள்ளுங்கள். சாவியை அணைத்து, பேட்டரி மின்சாரத்தை மொத்தமாகத் துண்டிக்கும் மெயின் சுவிட்சான எம்.சி.பி.யைக் கீழே இறக்குங்கள். மோதிரம், காப்பு, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிப் பைக்குள் போடுங்கள். முழுச் சார்ஜில் 60 வோல்ட் வகை 67 வோல்ட்டும், 72 வோல்ட் வகை 84 வோல்ட்டும் காட்டும். இரண்டு முனைகளுக்கு நடுவே காப்பு பட்டால் உலோகம் உருகும் அளவுக்கு மின்சாரம் பாயும். வியர்த்த கையோடு வயரைத் தொடாதீர்கள். எம்.சி.பி.யை இறக்கிய பிறகும் கன்ட்ரோலருக்குள் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். ஐந்து நிமிடம் பொறுத்து, அந்த நேரத்தில் தண்ணீர் குடியுங்கள்.

பிறகு பேட்டரிப் பெட்டியின் அருகில் குனிந்து முகர்ந்து பாருங்கள். புறங்கையால் தொட்டும் பாருங்கள்.

அறிகுறி: பேட்டரியில் வாடை, வீக்கம், சீறல், புகை

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதை வைக்கிறேன். இங்கே சோதனை எதுவும் கிடையாது, செய்ய வேண்டியது விலகுவது மட்டும்.

இனிப்புக் கலந்த கெமிக்கல் வாடை வந்தாலும், பெட்டி புடைத்திருந்தாலும், உள்ளே ‘உஸ்’ என்று சத்தம் கேட்டாலும் பேட்டரியைக் கழற்ற முயலாதீர்கள். முப்பது மீட்டராவது தள்ளி, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். அந்தப் புகை நுரையீரலைக் கெடுக்கும். பாட்டில் தண்ணீரை ஊற்றுவதால் பயனில்லை. லித்தியம் பேட்டரித் தீக்குத் தண்ணீர் நிறைய வேண்டும், அதுவும் தொடர்ந்து வேண்டும். சருகும் காய்ந்த புல்லும் உள்ள இடமாக இருந்து, இன்னும் புகை வரவில்லை என்றால் மட்டும் சுற்றியுள்ள சருகைக் காலால் ஒதுக்குங்கள். பிறகு 101 அல்லது 112-ஐ அழையுங்கள். தீ அடங்கிவிட்டது போலத் தெரிந்தாலும் மணிக்கணக்கில் கழித்துத் திரும்பப் பற்றும். அந்த வண்டியை அன்றைக்கு எந்த வாகனத்திலும் ஏற்றாதீர்கள்.

வாடையும் வீக்கமும் இல்லை என்றால் மேலே படியுங்கள்.

அறிகுறி: விளக்கும் இல்லை, திரையும் இல்லை, முழு மௌனம்

எளியதிலிருந்து தொடங்குங்கள். கரடுமுரடான பாதையில் எம்.சி.பி. தானாகவே இறங்கியிருக்கலாம், ஒருமுறை முழுமையாக இறக்கி ஏற்றுங்கள். மணிக்கட்டில் கட்டும் காந்தப் பூட்டு உள்ள வண்டியில் அந்தக் காந்தம் நழுவியிருக்கும். ஹேண்டிலில் உள்ள சிவப்பு நிறுத்த சுவிட்சைச் செடிகொடி தட்டிவிட்டிருக்கும்.

அதன் பிறகு பேட்டரியின் பெரிய கனெக்டர். இதைக் கண்ணால் பார்த்தால் போதாது. முழுதாக உருவி, உள்ளே உள்ள உலோகத் தகடுகளைப் பாருங்கள். கறுத்திருந்தால், பிளாஸ்டிக் இளகியிருந்தால், அங்கே தொடர்பு சரியில்லாமல் சூடேறியிருக்கிறது என்று பொருள். செம்மண் தூசி மட்டும் என்றால் உலர்ந்த துணியால் துடைத்து, ‘டக்’ என்று உட்காரும்வரை அழுத்துங்கள். சேர்க்கும்போது சின்னப் பொறி வருவது இயல்பு. பெரிதாக வந்தால் மறுபடி முயலாதீர்கள்.

இன்னும் உயிர் வரவில்லை என்றால் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்துப் பேட்டரி முனைகளில் வையுங்கள்.

வோல்ட் சரியாக வருகிறது: பேட்டரி நன்றாக இருக்கிறது. ஃபியூஸைப் பாருங்கள். அதே ஆம்பியர் உள்ள ஃபியூஸ் கையில் இருந்தால் மாற்றலாம். கம்பியையோ சிகரெட் தாளையோ சுற்றிப் போடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். ஃபியூஸும் சரி என்றால் திரைக்கும் விளக்குக்கும் 12 வோல்ட் தரும் கன்வெர்ட்டர் போயிருக்கலாம். அது பட்டறை வேலை.

வோல்ட் பூஜ்யம் அல்லது சில வோல்ட் மட்டும்: பேட்டரிக்குள் இருந்து அதைக் காக்கும் பி.எம்.எஸ். என்ற மின்னணுப் பலகை தன்னைப் பூட்டிக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் விட்டுச் சேர்த்துப் பாருங்கள். அதிக மின்சாரம் இழுத்ததால் பூட்டியது என்றால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். சார்ஜ் தீர்ந்து பூட்டியது என்றால் சார்ஜரைச் சொருகினால்தான் விழிக்கும். அதற்கும் அசையாவிட்டால் பேட்டரி தெரிந்தவரிடம்தான் போக வேண்டும்.

அறிகுறி: திரை எரிகிறது, ஆக்சிலேட்டரைத் திருகினால் அசைவில்லை

அடிக்கடி வருவது இதுதான். பெரும்பாலும் பைசா செலவில்லாமல் முடிவதும் இதுதான்.

முதலில் சாவியை அணைத்து, ஆக்சிலேட்டர் முழுதாகத் திரும்பியிருக்கிறதா என்று பார்த்து, மறுபடி போடுங்கள். ஆக்சிலேட்டர் கொஞ்சம் திருகிய நிலையில் சாவியைப் போட்டால் கன்ட்ரோலர் பாதுகாப்புக்காக மோட்டாரை விடாது. வண்டி கீழே விழுந்து எழுந்த பிறகும் இப்படி ஆகும்: சாய்வை அறியும் சென்சார் மின்சாரத்தைத் துண்டித்திருக்கும், சாவியை அணைத்துப் போட்டால் மீளும். விழுந்ததில் கைப்பிடி உறை நகர்ந்து ஆக்சிலேட்டரை இறுக்கிப் பிடித்திருந்தால் உறையை ஒரு விரல் அளவு வெளியே இழுத்துவிடுங்கள்.

அடுத்தது சைடு ஸ்டாண்டு. நம் பக்கத்துச் செம்மண் மழையில் குழைந்து, வெயிலில் சிமென்ட் மாதிரி இறுகும். ஸ்டாண்டு மேலே போனது போலத் தெரியும், சென்சாருக்கு அது போயிருக்காது. குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டு இரண்டு முறை மேலும் கீழும் ஆட்டுங்கள்.

அடுத்தது பிரேக். யாரும் பிரேக்கைத் தொடாதபோது பின்னால் உள்ள சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் பிரேக் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வண்டி பிரேக் பிடித்திருப்பதாக நினைத்து நிற்கிறது. லீவரை முன்னால் தள்ளிப் பாருங்கள். வளைந்திருந்தால் நிமிர்த்துங்கள். சரியாகவில்லை என்றால் அந்தச் சின்ன கனெக்டரைக் கழற்றிவிடலாம். பெரும்பாலான வண்டிகள் ஓடும், பிரேக்கும் வழக்கம்போலப் பிடிக்கும். ஊர் வந்ததும் சுவிட்சை மாற்றிவிடுங்கள்.

இவ்வளவுக்கும் அசையாவிட்டால், திரையில் ஏதாவது கோளாறு எண் ஒளிர்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிலேட்டர் வயரும் மோட்டாரிலிருந்து வரும் மெல்லிய வயரும் சேரும் இடங்களைக் கழற்றி, துடைத்து, அழுத்திப் போடுங்கள். பின் வளைந்திருக்கிறதா பாருங்கள். இதற்கு மேல் காட்டில் கிண்டாதீர்கள்.

மோட்டார் இரைகிறது, சக்கரம் மட்டும் சுற்றவில்லை என்றால் மின்சாரத்தில் குறையே இல்லை. செயின் கழன்றிருக்கும், அல்லது மோட்டாருக்கு அருகில் உள்ள பெல்ட் அறுந்திருக்கும். செயினின் இரு முனைகளையும் இணைக்கும் லாக் ஒன்று மாற்றாகப் பையில் இருந்தால் பத்து நிமிட வேலை.

அறிகுறி: ஓடுகிறது, ஏற்றத்திலோ மணலிலோ அணைந்துவிடுகிறது

இரண்டு காரணங்களில் ஒன்று: சார்ஜ் இல்லை, அல்லது சூடு. மோட்டாரையும் கன்ட்ரோலரையும் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சூடாக இல்லை: திரையில் காட்டும் சதவீதத்தை நம்பாதீர்கள், வோல்ட்டைப் பாருங்கள். வண்டி நிற்கும்போது 60 வோல்ட் வகை 54-க்குக் கீழேயும், 72 வோல்ட் வகை 68-க்குக் கீழேயும் இருந்தால் மீதி மிகக் குறைவு. சமதரையில் தாங்கும், ஏற்றத்தில் வோல்ட் சட்டென்று இறங்கி பி.எம்.எஸ். துண்டிக்கும். கால் மணி நேரம் விட்டு, குறைந்த வேக முறைக்கு மாற்றி, சமதரையில் மட்டும் ஓட்டுங்கள். ஏற்றத்தில் இறங்கி நடந்து, ஆக்சிலேட்டரை லேசாகத் திருகித் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கண்மாய்க்கரை மேலேயே போனால் ஏற்ற இறக்கம் இருக்காது. சுற்று வழிதான், ஆனாலும் அதுதான் ஊர் சேர்க்கும்.

கை வைக்க முடியாத சூடு: விருசுழி, பாம்பாறு போன்ற காட்டாறுகள் வறண்டு கிடக்கும் மாதங்களில் மணலுக்குள் மெதுவாக ஓட்டினால் இது நடக்கும். வேகம் குறைவு, இழுவை அதிகம். மின்சாரம் முழுக்கச் சூடாகப் போகும். நிழலில் அரை மணி நேரம் விடுங்கள். ஒரு துண்டை நனைத்து மோட்டார் உறையின் மேலும் கன்ட்ரோலரின் அலுமினிய வரிகள் மேலும் போடலாம். குடத்துத் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள், கனெக்டருக்குள் இறங்கிவிடும். ஆறியதும் கெட்டித் தரைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டுவந்து பிறகு ஏறுங்கள். ஆறின பிறகும் சில நூறு மீட்டரிலேயே அணைந்தால் இனி ஓட்டாதீர்கள்.

அறிகுறி: வெட்டி வெட்டி இழுக்கிறது, உறுமுகிறது

மோட்டாருக்குப் போகும் மூன்று தடித்த வயர்களில் ஒன்று தளர்ந்திருக்கும், அல்லது மெல்லிய சென்சார் வயர் அறுபட்டிருக்கும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, அடித்தகடு பக்கம் வயர் கல்லில் அடிபட்டிருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே போங்கள். செம்பொறைக் கல் கத்தி மாதிரி வெட்டும். தடித்த வயரின் போல்ட் தளர்ந்திருந்தால் இறுக்குங்கள். சென்சார் கனெக்டர் ஈரமாக இருந்தால் உலர்த்திப் போடுங்கள். அதற்குப் பிறகும் வெட்டினால் ஓட்டிப் பார்க்கவே வேண்டாம். சில ஆயிரத்தில் முடிகிற சென்சார் வேலை, கன்ட்ரோலரையும் சேர்த்து மாற்றும் செலவாகிவிடும்.

அறிகுறி: தள்ளினால் நகரவில்லை, பிரேக் பிடித்ததுபோல் இறுகியிருக்கிறது

இந்த நிலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்ச் சோர்ந்து விழுகிறார்கள். இறுக்கத்தை விடுவிக்காமல் ஒரு அடிகூட நகராதீர்கள்.

வண்டியைச் சாய்த்து அல்லது ஒரு கல்லின் மேல் ஏற்றிப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் கோரை, கொடி, முள் கிளை சிக்கியிருந்தால் வெட்டி எடுங்கள். கண்மாய்க்குள் இறங்கி ஏறின வண்டியில் கரம்பை மண் செயினுக்கும் சட்டத்துக்கும் நடுவே அடைத்துக்கொண்டு கிடக்கும். அதைக் குச்சியால் தோண்டி எடுத்தாலே பாதி வண்டிகள் விடுபடும்.

இல்லையென்றால் செயின் லாக்கைக் கழற்றிச் செயினை உருவுங்கள். இப்போது சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

சக்கரம் இன்னும் இறுக்கம்: பிரேக் அல்லது பேரிங். டிஸ்க் வளைந்திருக்கிறதா பாருங்கள். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிபரின் போல்ட்டைக் கழற்றிக் காலிபரை நகர்த்தி ஓரமாகக் கட்டிவிட்டால் தள்ளிக்கொண்டு போகலாம். பின் பிரேக் அதோடு போய்விட்டது என்பது நினைவிருக்கட்டும்.

சக்கரம் விடுபட்டது, மோட்டார் அச்சு மட்டும் விட்டு விட்டு இறுகுகிறது: பேட்டரியைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் மஞ்சள், பச்சை, நீல வயர்களைக் கன்ட்ரோலரிலிருந்து பிரியுங்கள். மூன்றும் ஒன்றோடொன்று தொடாமல் தனித்தனியாக டேப் சுற்றுங்கள். இப்போது மோட்டார் இலகுவாகச் சுற்றினால் கன்ட்ரோலர் உள்ளுக்குள் எரிந்து ஷார்ட் ஆகியிருக்கிறது. அப்போதும் இறுகினால் கோளாறு மோட்டாரில். இரண்டில் எதுவானாலும் பேட்டரியை மறுபடி சேர்க்காதீர்கள். மெக்கானிக்கிடம் இந்த ஒரு தகவலைச் சொன்னால் அவருக்குப் பாதி நாள் மிச்சம்.

செயின் இல்லாத வண்டி சைக்கிளைப் போல் நகரும். அதுதான் நமக்கு வேண்டியது.

அறிகுறி: காற்று இறங்கிவிட்டது

சீமைக்கருவேலம் இருக்கும்வரை இது இருக்கும். முள் டயரில் நிற்கும்போது காற்று மெதுவாகத்தான் இறங்குகிறது என்றால் அங்கேயே பிடுங்காதீர்கள். நிழலுக்கு வந்து, பம்பும் ஒட்டும் கையில் எடுத்த பிறகு பிடுங்குங்கள். டியூபை ஒட்டியதும் டயரின் உள்பக்கத்தைத் துணியால் ஒரு சுற்றுத் தடவுங்கள். முனை முறிந்து ரப்பருக்குள் புதைந்த முள் துணியில் மாட்டும். அதை எடுக்காமல் மாட்டினால் ஒரு கிலோமீட்டரில் மறுபடி இறங்கும்.

ஒட்டு இல்லையா? வண்டியை நண்பரிடம் விட்டுவிட்டுச் சக்கரத்தை மட்டும் கழற்றி எடுத்துப் போங்கள். டியூப் விஷயத்தில் மின் வண்டியும் பெட்ரோல் வண்டியும் ஒன்றுதான், எந்த ஊர்ப் பஞ்சர் கடையிலும் ஒட்டுவார்கள். சக்கரத்தையும் கழற்ற முடியவில்லை என்றால் டியூபை அறுத்து எடுத்துவிட்டு டயருக்குள் வைக்கோலை இறுக்கித் திணித்து, நடக்கும் வேகத்தில் தள்ளிக்கொண்டு வரலாம்.

அறிகுறி: கண்மாய்க்குள் விழுந்து முழுகியது

சாவியைப் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். எம்.சி.பி.யை இறக்கி, வண்டியை நிமிர்த்தி, எல்லாக் கனெக்டர்களையும் கழற்றித் தண்ணீரை உதறுங்கள். வண்டி வெயிலில் காயட்டும், பேட்டரி மட்டும் நிழலில். முழங்கால் தண்ணீரில் சில விநாடி நனைந்தது என்றால் காய்ந்த பிறகு முயலலாம். பேட்டரிப் பெட்டி முழுகிக் கிடந்தது என்றால் அன்றைக்கு முயலவும் வேண்டாம், சார்ஜ் போடவும் வேண்டாம்.

வெளியே கொண்டுவருவது

சின்ன வகை வண்டிகள் 55 கிலோவுக்குச் சற்று மேல், முழு அளவு வண்டிகள் 110 கிலோ சுற்று. பேட்டரியைக் கழற்றிவிட்டால் சின்ன வண்டியை இரண்டு பேர் தூக்கலாம். தள்ளும்போது ஒருவர் ஹேண்டிலைப் பிடிக்க, இன்னொருவர் முன் ஃபோர்க்கில் கயிறு கட்டி முன்னால் இழுக்கட்டும். பின்னாலிருந்து தள்ளுவதைவிட இது மணலில் எளிது.

வேறு வண்டியால் இழுப்பதாக இருந்தால் முதலில் செயினைக் கழற்றிவிடுங்கள். செயினோடு இழுத்தால் மோட்டார் டைனமோவாக மாறிக் கன்ட்ரோலருக்குள் மின்சாரத்தைத் தள்ளும். வேகமாக இழுத்தால் நல்ல கன்ட்ரோலரும் எரியும். கயிற்றை நின்றுபோன வண்டியில் முடிச்சுப் போடாதீர்கள். கால்மிதியில் ஒரு சுற்றுச் சுற்றிப் பாதத்தால் அழுத்திக்கொள்ளுங்கள், காலைத் தூக்கினால் கயிறு விடுபட வேண்டும். தார்ச்சாலை வந்ததும் இழுப்பதை நிறுத்திவிடுங்கள்.

அங்கிருந்து குட்டி யானைதான். டிரைவருக்கு வரைபடப் புள்ளியை மட்டும் அனுப்பினால் அது அவரை நடுக்கண்மாயில் கொண்டு நிறுத்தும். “அண்ணே, இன்ன கண்மாய், கலுங்குக்குக் கீழ்ப்பக்கம், அய்யனார் கோயில் குதிரை தெரிகிற இடம்” என்று சொல்லுங்கள். ஆடு மேய்க்கும் பெரியவர் யாராவது இருந்தால் போனை அவரிடமே கொடுத்து, “ஐயா, வண்டி வர வழி சொல்லுங்கள்” என்றால் போதும். ஈரத்தில் எந்தக் கரை தாங்கும், எது புதையும் என்பது அவருக்குத்தான் தெரியும். பலகை இல்லாவிட்டால் குட்டி யானையின் பின்பக்கத்தை ஒரு மேட்டுக் கரையை ஒட்டி நிறுத்தச் சொல்லுங்கள், வண்டி சமமாக உருண்டு ஏறிவிடும். பேட்டரியைத் தனியாக, சாக்கு விரித்து, பின்தட்டில் அசையாமல் வையுங்கள். டிரைவர் அறைக்குள்ளோ பஸ்ஸிலோ எடுத்துப் போகாதீர்கள்.

சார்ஜ் மட்டும்தான் பிரச்சினை, சார்ஜரும் பையில் இருக்கிறது என்றால் அருகில் உள்ள வீட்டில் கேளுங்கள். பேட்டரி ஆறின பிறகே சொருக வேண்டும். 45 டிகிரிக்கு மேல் சூடான லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது. சாதாரண சார்ஜரில் அரை மணி நேரம் போட்டால் சின்ன வண்டி மெதுவாக ஐந்தாறு கிலோமீட்டர் போகும். பம்ப்செட் கொட்டகையில் கேட்காதீர்கள். அது விவசாயத்துக்கென்று கொடுத்த இலவச மின்சாரம். வேறு எதற்கு எடுத்தாலும் அந்த விவசாயிக்குத்தான் தொல்லை வரும்.

யாரிடம் கொண்டுபோவது

செயின், பிரேக், டயர், பேரிங் என்றால் எந்த நல்ல பைக் மெக்கானிக்கும் போதும். பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர், மோட்டாரில் ஷார்ட் இருக்கிறதா என்று சோதித்துச் சொல்வார். காந்தமும் சென்சாரும் உள்ள இந்த மோட்டாரைப் பிரிக்கக் கொடுக்காதீர்கள். கன்ட்ரோலரும் பேட்டரியும் தயாரிப்பாளரின் சர்வீஸுக்கோ, செல் செல்லாக அளந்து பார்க்கும் வசதியுள்ள பேட்டரிக் கடைக்கோதான் போக வேண்டும். மதுரை, திருச்சியில் விசாரியுங்கள். காரைக்குடியில் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருப்பதால் அங்கே கொண்டுபோகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அது ஆய்வுக்கான இடம், பழுது பார்க்கும் பட்டறை இல்லை.

அடிபட்ட, முழுகிய, காரணம் தெரியாமல் பூட்டிக்கொண்ட பேட்டரியை அதுவரை வீட்டுக்குள் வைக்காதீர்கள். முகப்பும் வளவும் பர்மா தேக்கால் ஆன வீடுகள் நம்முடையவை. பின்கட்டைத் தாண்டி, கூரையில்லாத இடத்தில், சுவரிலிருந்தும் விறகிலிருந்தும் தள்ளி, ஒரு கல்லின் மேல் வைத்துத் தகரத்தால் நிழல் மட்டும் கொடுங்கள். சார்ஜரை அதன் பக்கத்தில்கூட வைக்க வேண்டாம். யாராவது நல்லெண்ணத்தில் சொருகிவிடுவார்கள்.